மேலே போறவை ஆரோட கதைக்கினம்?

வாசகர் கேள்வி – பதில். இந்த மாதம் பதில் எழுதுபவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கனகராயன்குளத்தில் தோட்டம் செய்பவர்.

ஆசிரியர் தம்பிக்கு: நீங்கள் தந்த கடிதக் கட்டில் பாதி, டிக்கெட்டை மலிவாக எடுப்பது எப்படி என்று கேட்கிறது. அதற்கு நான் ஆளில்லை. மிச்சத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன். சுருக்கமாக எழுதச் சொன்னீர்கள். சில இடங்களில் முடியவில்லை.

இரவில் எங்கள் வீட்டுக்கு மேலாக ஒரு விமானம் வடக்கே போகும். போனில் இருக்கும் செயலியில் அதன் பெயர், உயரம், வேகம் எல்லாம் வருகிறது. மேலே போறவை ஆரோட கதைக்கினம்? கிளிநொச்சியில் ஒரு கோபுரமும் இல்லையே!
– உயர்தர மாணவி, முழங்காவில்

பிள்ளை, கோபுரத்தில் இருப்பவருக்கு விமான நிலையமும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சத் தூரமும்தான் பொறுப்பு. ஓடுபாதையில் ஏறலாமா, இறங்கலாமா என்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். கிளம்பி ஏறும் விமானத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். உயரத்தில் நேரே போவதைப் பார்ப்பவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவரின் அறைக்கு யன்னல்கூடத் தேவையில்லை. நான் அதிக காலம் இருந்தது அப்படியான அறையில்தான். வெளியே மழையா வெயிலா என்று தேநீர் கொண்டுவருபவரைக் கேட்டுத்தான் அறிவோம்.

நீங்கள் பார்ப்பது அநேகமாகக் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் போகிற விமானம். வரைபடத்தில் இரண்டு இடத்துக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்கள், முழங்காவில் பக்கமாகத்தான் போகும். உங்கள் கூரைக்கு மேலே வரும்போது விமானி கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு தொடர்பில் இருப்பார். உலகத்து ஆகாயம் முழுவதையும் விமானத் தகவல் பிராந்தியங்கள் என்று பங்கு போட்டிருக்கிறார்கள். நம்மைச் சுற்றியிருப்பது கொழும்புப் பிராந்தியம். வடக்கே சென்னை, மேற்கே மாலே, தெற்கிழக்கே கடலுக்குள் வெகுதூரம் போனால் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் பிராந்தியம்.

கிளிநொச்சியில் கோபுரம் இல்லாமல் எப்படி என்றால், உயரம்தான் காரணம். வீட்டு எஃப்.எம். ரேடியோ 108 மெகாஹேர்ட்ஸோடு முடிகிறதல்லவா? அதற்கு அடுத்து 118 வரை விமானங்களுக்கு வழிகாட்டும் நிலையங்களின் சமிக்ஞை. 118 முதல் 137 வரை பேச்சு. இந்த அலைகள் நேர்கோட்டில் போகின்றன, பூமியின் வளைவைத் தாண்டுவதில்லை. ஆனால் 35,000 அடியில் இருக்கும் விமானத்துக்குச் சுமார் 425 கிலோமீற்றர் தூரம் வரை தரையில் உள்ள அன்டெனா 'தெரியும்'. கட்டுநாயக்கவிலிருந்து உங்கள் ஊர் அதில் பாதித் தூரம்கூட அதிகம் தாண்டாது.

வடக்கே எல்லை வந்ததும் கொழும்பு விமானியிடம், இனிச் சென்னையோடு கதையுங்கள், அலைவரிசை இது என்று இலக்கத்தைச் சொல்லும். விமானி அந்த இலக்கத்தைத் திருப்பிச் சொல்லி, ஒரு குட் நைட்டும் சொல்லிவிட்டு மாறிவிடுவார். நடுக்கடலில் 425 கிலோமீற்றர் கணக்குச் சரிவராது. அங்கே சிற்றலை. அது மேல்வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும். கூடவே இரைச்சலும் வரும். பகலில் உயர்ந்த அலைவரிசை, இரவில் தாழ்ந்தது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தி அனுப்பும் வசதி வந்துவிட்டது. அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிய என்னைப் போன்றவர்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

உங்கள் செயலி விஷயம்: விமானம் தான் இருக்கும் இடத்தை ஜீ.பி.எஸ். மூலம் அறிந்து, அதைத் தானே 1090 மெகாஹேர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டு போகிறது. யாராவது ஒருவர் வீட்டுக் கூரையில் சின்ன அன்டெனா வைத்து அதைப் பிடித்து இணையத்துக்கு அனுப்புகிறார். அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

யூடியூபில் விமானியும் கட்டுப்பாட்டாளரும் கதைப்பதைக் கேட்டேன். அவர் சொன்னதை எல்லாம் இவர் முதலாம் வகுப்புப் பிள்ளை போல ஒப்புவிக்கிறார். இது நேர விரயம் இல்லையா?
– ஓய்வுபெற்ற அதிபர், ஒட்டுசுட்டான்

அதிபர் ஐயா, கச்சேரிக்குப் போகும் எங்கள் சனத்தை நினைத்துப் பாருங்கள். அதிகாரி படிவத்தைக் காட்டி ஏதோ வேகமாகச் சொல்வார். இவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வாசலில் நிற்பவரிடம் "என்ன சொன்னவர்?" என்று கேட்பார். ஆகாயத்தில் அந்த 'ஓம்' செல்லாது. ரொஜர் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுகூட 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதோடு சரி. செய்கிறேன் என்றோ, சரியாக விளங்கியது என்றோ அர்த்தம் இல்லை.

அதனால்தான் முக்கியமானதை எல்லாம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று சட்டம். பறக்க வேண்டிய உயரம், திரும்ப வேண்டிய திசை, வானொலி அலைவரிசை, எந்த ஓடுபாதை, அதில் ஏறவும் கடக்கவும் இறங்கவும் தந்த அனுமதி, உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம். அந்த அழுத்தத்தைப் பத்து ஹெக்டோபாஸ்கல் கூட்டிப் பிழையாக வைத்தால், விமானம் கிட்டத்தட்ட 280 அடி பதிந்து போகும். விமானிக்கோ மானி சரியான உயரத்தைக் காட்டுவது போலவே இருக்கும்.

திருப்பிச் சொல்வதில் விமானிக்குப் பாதி வேலைதான். மற்றப் பாதி கட்டுப்பாட்டாளருடையது: அவர் திருப்பிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கடினமானது இதுதான். நான் பத்தாயிரம் என்று சொன்னேன், அவர் பதினோராயிரம் என்று திருப்பிச் சொல்கிறார் என்று வையுங்கள். என் மனதில் பத்தாயிரம் இருப்பதால் காதிலும் பத்தாயிரமாகவே விழும். ஆங்கிலத்தில் இந்த இரண்டு இலக்கமும் மாறிப்போவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. மூன்று, ஐந்து, ஒன்பது ஆகியவற்றை ட்ரீ, ஃபைஃப், நைனர் என்று கோணலாகச் சொல்வதும் இரைச்சலில் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

நேர விரயமா என்று கேட்டீர்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. ஓடுபாதையில் கடும் பனிமூட்டம். நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்து ஜம்போ விமானம் ஒரு முனையில் நிற்கிறது, அமெரிக்காவின் பான் ஆம் ஜம்போ அதே ஓடுபாதையில் ஊர்ந்து வருகிறது. கோபுரத்துக்கு இரண்டும் தெரியவில்லை. கோபுரம் கே.எல்.எம்.முக்குக் கொடுத்தது, மேலே ஏறிய பிறகு எந்த வழியால் போக வேண்டும் என்ற அனுமதியை. கிளம்பும் அனுமதி அல்ல. துணை விமானி அதைத் திருப்பிச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது, நாங்கள் இப்போது கிளம்பும் நிலையில் இருக்கிறோம் என்ற மாதிரி ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டார். கிளம்பத் தயாராக நிற்கிறார்களா, கிளம்பிவிட்டார்களா என்று அதில் தெரியாது. கோபுரம் "ஓ.கே." என்றது. சற்று நிறுத்தி, பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றது. அதே கணத்தில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றார். இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் ஒன்றாகக் கதைத்ததால் கே.எல்.எம். அறையில் கேட்டது அந்த "ஓ.கே."யும் பிறகு ஒரு கீச்சிடலும். 583 பேர் இறந்தார்கள்.

ஆனால் எனக்கு அந்தச் சம்பவத்தில் மறக்க முடியாத ஆள், கே.எல்.எம்.மின் விமானப் பொறியியலாளர். விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, அப்போ அவர் இன்னும் விலகவில்லையா என்று அவர் கேட்டார். தலைமை விமானி, விலகிவிட்டார் என்று அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்திலேயே பெரிய ஆள். பொறியியலாளர் மறுபடி கேட்கவில்லை.

இன்று கிளம்பும் அனுமதியைக் கொடுக்கும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் மட்டும்தான் டேக் ஆஃப் என்ற சொல்லை அலைவரிசையில் பயன்படுத்தலாம். மற்ற எல்லா இடத்திலும் டிபார்ச்சர்தான். அதைப் பிழையாகச் சொன்ன மாணவனை எங்கள் பயிற்சி ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே நிறுத்துவார்.

என் மனைவிக்கு இன்னமும் விமானச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கிறது. முற்றத்துக்கு ஓடிவந்து பார்ப்பார், சத்தம் வரும் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் இன்னும் பயம். என்ன செய்யலாம்?
– புதுக்குடியிருப்பு வாசகர்

ஐயா, உயரத்தில் போகும் பயணிகள் விமானம் தரையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேலே இருக்கும். அதன் சத்தம் உங்கள் முற்றத்துக்கு வந்துசேர அரை நிமிடம் எடுக்கும். அதற்குள் விமானம் ஏழு கிலோமீற்றர் முன்னே போய்விடும். ஆகவே சத்தம் வரும் பக்கத்தை விட்டு, அது போகும் திசையில் நன்றாக முன்னுக்குப் பார்க்கச் சொல்லுங்கள், தெரியும். முழங்காவில் பிள்ளை சொன்ன செயலியை அவருடைய போனிலும் போட்டுக் கொடுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று பெயரோடு வரும்.

அதனால் பயம் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. இதே தொழிலில் இருந்த எனக்கே, வீட்டில் படுத்திருக்கும்போது தாழப் பறக்கும் சத்தம் கேட்டால் பங்கர் எந்தப் பக்கம் என்று உடம்பு தேடுகிறது. அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்கு வருபவர் தமிழர், கோபுரத்தில் இருப்பவரும் தமிழர் என்றால் தமிழில் கதைத்தால் என்ன? உலகத்தில் யாரும் சொந்த மொழியில் கதைப்பதே இல்லையா?
– கவிஞர், வவுனியா

கதைக்கிறார்கள். தரையில் இருக்கும் நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி, அல்லது ஆங்கிலம் என்பதுதான் சர்வதேச விதி. யாராவது ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலத்தில் சேவை கொடுக்க ஆள் இருக்க வேண்டும். பிரான்சில் பிரெஞ்சு, தென்னமெரிக்காவில் ஸ்பானிஷ் எல்லாம் தாராளமாகக் கேட்கும். கனடாவில் 1976இல் பிரெஞ்சு மொழி வேண்டும், வேண்டாம் என்று பெரிய பணிப்புறக்கணிப்பே நடந்தது.

தமிழில் கதைப்பதை நான் விரும்பாததற்குக் காரணம் வேறு. அலைவரிசை இரண்டு பேருக்கு மட்டும் உரியதல்ல. பின்னால் வரும் விமானத்தில் ரஷ்யாக்காரரோ அரபுக்காரரோ இருக்கலாம். முன்னால் போகிறவர் எந்த உயரத்தில் இருக்கிறார், இறங்குகிறாரா, சுற்றுகிறாரா என்பதை அவர் பேச்சைக் கேட்டுத்தான் மற்றவர் மனதில் படம் போட்டுக்கொள்கிறார். நாங்கள் இருவரும் தமிழில் கதைத்தால் அவருக்கு அந்தப் படத்தில் ஓர் ஓட்டை.

ஆனால் கவிஞரே, உங்கள் பக்கம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம். மயாமியிலிருந்து ஓர் அமெரிக்க போயிங் 757 இரவில் வருகிறது. அங்கே இருந்த ராடரை 1992இலேயே கெரில்லாக்கள் தகர்த்துவிட்டார்கள். எனவே விமானம் எங்கே என்பது கட்டுப்பாட்டாளருக்கு விமானியின் வாயால்தான் தெரிய வேண்டும். ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்குப் போவதாக நினைத்து விமானி கணினியில் ஆர் என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினார். ஆனால் அந்த எழுத்தில் கணினி முதலில் எடுத்தது பொகோட்டாப் பக்கம் இருந்த ரோமியோ என்ற வேறு நிலையத்தை. விமானம் சத்தமில்லாமல் இடப்பக்கம் மலையை நோக்கித் திரும்பியது. விமானிகள் குழம்பிப்போய்க் கேட்ட கேள்விகள் கட்டுப்பாட்டாளருக்குப் பொருந்தவில்லை. ஏதோ பிழை என்று அவருக்குப் பட்டது. ஆனால் அவருடைய ஆங்கிலம் வழக்கமான கட்டளைகளுக்குத்தான் போதும். விமானி ஸ்பானிஷ் தெரிந்தவராக இருந்திருந்தால், நீங்கள் சொல்வது பொருந்தவில்லையே என்று கேட்டிருப்பேன் என்று பிறகு விசாரணையில் சொன்னார். 163 பேரில் நால்வர்தான் தப்பினார்கள்.

இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் 2008 முதல் சர்வதேசப் பறப்பில் ஈடுபடும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு வந்தது. ஆறு படியில் குறைந்தது நாலாம் படி எட்ட வேண்டும். தேர்வில் முக்கியமாகப் பார்ப்பது எழுதிவைத்த கட்டளை வசனங்களை அல்ல. எதிர்பாராதது நடந்தால் சாதாரண வசனத்தில் விளக்கவும், விளங்காததைக் கேட்கவும் தெரியுமா என்பதை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் யாராவது ஒரு தேர்வு வைத்தால் நல்லது. அவர்கள் கதைக்கிற வேகத்துக்குப் பாதி உலகம் "சே அகெய்ன்", திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டே களைத்துப்போகிறது.

எங்கள் குடும்பம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தது. 1974இல் ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதிய இரவைப் பற்றி அப்பா கதைகதையாகச் சொல்வார். அது ஏன் அங்கே வந்தது? கட்டுநாயக்கவில் இருந்தவர்கள் எச்சரிக்கவில்லையா?
– தர்மபுரம் வாசகி

தங்கச்சி, அப்பா சொன்னது 1974 டிசம்பர் 4. நெதர்லாந்து நாட்டு மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டி.சி. 8. இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. கொழும்பில் இறங்கிவிட்டு ஜித்தா போக இருந்தது. 182 பயணிகள், 9 பணியாளர்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. இன்றுவரை இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் மிகப் பெரியது அதுதான்.

விமானம் தென்கிழக்கிலிருந்து வந்தது. அந்தப் பக்கமிருந்து கட்டுநாயக்கவுக்கு வந்தால் நடுவே மலைநாட்டைத் தாண்ட வேண்டும். சிவனொளிபாதமலை 7,359 அடி, பிதுருதலாகல 8,281 அடி. அதைத் தாண்டும் வரை உயரத்தில் நின்று, தாண்டிய பிறகு இறங்க வேண்டும். ஆகவே கேள்வி முழுக்க ஒன்றில் தங்கியிருந்தது: தாண்டியாயிற்றா?

அதை விமானிகள் இரண்டு கருவியால் அறிந்தார்கள். ஒன்று டொப்ளர். விமானத்திலிருந்து கீழே அலையை அடித்து, திரும்பி வருவதை வைத்து வேகத்தையும் காற்று தள்ளும் அளவையும் கணக்கிட்டு, புறப்பட்ட இடத்திலிருந்து கூட்டிக் கூட்டி 'இப்போது இங்கே' என்று சொல்லும். சிறு பிழையும் கூடிக்கொண்டே வரும், அதுவும் கடலுக்கு மேலே பல மணி நேரம் பறந்து வந்தால். மற்றது வானிலை ராடர். மழைமேகத்தைப் பார்ப்பதற்கென்று செய்த கருவி அது. கரையோரமும் அதில் தெரியும், ஆனால் எந்த ஊர்க் கரை என்று அது எழுதிக் காட்டாது.

இந்த இரண்டையும் நம்பி, விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று விமானிகள் முடிவு செய்தார்கள். இறங்க வரும் விமானங்களைப் பார்க்கும் கட்டுநாயக்க அணுகுமுகக் கட்டுப்பாடு 2,000 அடிக்கு இறங்க அனுமதி கொடுத்து, விமான நிலையம் கண்ணில் பட்டதும் சொல்லுங்கள் என்றது. இரவு பத்துமணியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இறங்கிக்கொண்டிருந்த விமானம் சுமார் 4,355 அடி உயரத்தில் மலையில் மோதியது. விமான நிலையம் அங்கிருந்து மேற்கே சுமார் 40 கடல்மைல், அதாவது எழுபது கிலோமீற்றருக்கு மேல். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அந்த விமானத்தில் இருந்த டொப்ளரும் வானிலை ராடரும் பிழையாக விளங்கிக்கொள்ள இடம் வைத்தன என்றும் எழுதியது.

எச்சரிக்கவில்லையா என்று கேட்டீர்கள். இந்த இடத்தில் என் தொழிலுக்காக வாதாட எனக்கு விருப்பம்தான், ஆனால் நேரே சொல்லிவிடுகிறேன். விமானி ஒரு தூரத்தைச் சொல்கிறார், அதைப் பிழை என்று காட்ட உங்களிடம் வேறு ஆதாரம் இல்லை என்றால், அவர் சொன்ன தூரத்துக்குப் பொருத்தமான உயரத்தைத்தான் நீங்கள் கொடுப்பீர்கள். இருவரும் மரியாதையாக, விதிப்படி, தெளிவாகக் கதைத்துக்கொண்டு ஒரே பிழைக்குள் போகலாம். திருப்பிச் சொல்வது சொன்ன சொல்லைச் சரிபார்க்கும். சொன்ன இடத்தை அது சரிபார்க்காது.

அதனால்தான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் நான் ஒன்றை விடாமல் கேட்பேன்: அவர் சொல்கிற தூரம் எந்தக் கருவியிலிருந்து வருகிறது? தரை நிலையத்திலிருந்து அளந்ததா, விமானத்துக்குள்ளேயே கணக்குப் போட்டதா? இரண்டாவது என்றால், மலைப்பக்கத்தில் வேறொரு சான்று கிடைக்கும்வரை பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விடாதே. விமானி எரிச்சல்படுவார், படட்டும். இன்று ராடரும் இருக்கிறது, விமானத்துக்குள்ளேயே முன்னால் மலை என்று கத்தும் கருவியும் இருக்கிறது.

நோர்ட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் டயர் ஒன்றை நினைவுக்கு வைத்திருப்பதாகக் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

விமானியும் கட்டுப்பாட்டாளரும் சண்டை பிடிப்பினமோ?
– முச்சக்கரவண்டி ஓட்டுநர், கிளிநொச்சி

பிடிப்பினம். ஆனால் அலைவரிசையில் பிடித்தால் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பதால் அங்கே அடக்கி வாசிப்பார்கள். விமானியிடம் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: அனேபிள், என்னால் முடியாது. கட்டுப்பாட்டாளர் சொன்னபடி செய்தால் ஆபத்து என்று பட்டால் இந்த ஒரு சொல்லோடு மறுக்கலாம். கட்டுப்பாட்டாளர் கோபிக்காமல் வேறு வழி கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆயுதம், தரையிறங்கியதும் இந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள் என்பது. அதைக் கேட்ட விமானிக்கு இறங்கும்வரை வயிற்றைக் கலக்கும்.

மகன் சென்னையிலிருந்து பலாலிக்கு வரும்போது விமானம் கொஞ்ச நேரம் வட்டமடித்ததாம். ஜீ.பி.எஸ்.ஸை யாரோ குழப்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படிக் குழப்ப முடியுமா?
– மாங்குளம் வாசகர்

முதலில் மகனின் வட்டம். காத்திருக்கச் சொன்னால் விமானங்கள் அப்படித்தான் நீள்வட்டமாகச் சுற்றும், ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம் அளவில். ஓடுபாதையில் வேறொருவர் இருந்திருக்கலாம், மழை இருந்திருக்கலாம், ஒரு நாய்கூடக் குறுக்கே போயிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் குழப்ப முடியுமா என்றால், முடியும். ஜீ.பி.எஸ். கோள்கள் 20,000 கிலோமீற்றருக்கு மேலே இருக்கின்றன, அவற்றின் சமிக்ஞை தரைக்கு வரும்போது மிக மெலிந்துவிடும். பலமான இரைச்சலை அனுப்பி அதை அமுக்கலாம். இன்னும் மோசமானது, பொய்ச் சமிக்ஞை அனுப்பி விமானம் வேறெங்கோ இருப்பதாக நம்பவைப்பது. கிழக்கு மத்தியதரைக் கடல், ஈராக், கருங்கடல், பால்டிக் பக்கங்களில் போரோடு சேர்ந்து இது விமானிகளுக்கு அன்றாடத் தொல்லையாகிவிட்டது.

அப்போது என்ன நடக்கும்? விமானி, என் ஜீ.பி.எஸ். நம்பத்தக்கதாக இல்லை, திசை கொடுங்கள் என்று கேட்பார். கட்டுப்பாட்டாளர் ராடரைப் பார்த்து, இடப்பக்கம் திரும்பு, திசை இரண்டு ஏழு பூச்சியம் என்பார். 360 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. ஓடுபாதைகளின் பெயரும் அதே கணக்கில், கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு. கட்டுநாயக்கவின் ஓடுபாதை ஒரு முனையில் 04, மறுமுனையில் 22. பலாலியில் 05, 23. பழைய தரை வழிகாட்டி நிலையங்களை, செலவு என்று சொல்லி மூடிவிடலாம் என்று ஒரு காலத்தில் பலர் துடித்தார்கள். இப்போது அந்தப் பேச்சின் வேகம் குறைந்திருக்கிறது, எனக்கு மகிழ்ச்சி. கட்டுப்பாட்டாளருக்கும் இதில் ஒரு பொறி உண்டு: விமானம் தானே ஒலிபரப்பும் இடமும் அதே ஜீ.பி.எஸ்.ஸிலிருந்து வருவதால், திரையிலும் பொய் தெரியும். ராடர் தானாக அளப்பது, அதனால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான் கெட்டிக்காரன்.

கட்டுப்பாட்டாளர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?
– செட்டிகுளம் மாணவன்

தம்பி, தகுதிகள் விளம்பரத்தில் வரும், அதைப் பார்த்து விண்ணப்பியுங்கள். விளம்பரத்தில் வராததைச் சொல்கிறேன். இரவு முறை வேலை வயிற்றைக் கெடுக்கும். கண், காது, நிறம் பிரித்தறிதல் எல்லாம் மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பார்கள். ஆங்கிலத்தை இலக்கணப் புத்தகத்தில் மட்டும் படிக்காமல் வாய்விட்டுக் கதைத்துப் பழகுங்கள். விளங்காதபோது நாலு பேருக்கு முன்னால் விளங்கவில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிற ஆள் என்றால், வேறு நல்ல வேலைகள் நிறைய இருக்கின்றன.

நடுவானில் ரேடியோ பழுதானால்?
– நெடுங்கேணி வாசகர்

முதலில் விமானி சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார், பழைய அலைவரிசைக்குப் போய்ப் பார்ப்பார், 121.5 என்ற அவசர அலைவரிசையில் கூப்பிடுவார். ஒன்றும் சரிவராவிட்டால், தரை ராடருக்கு விமானத்தின் இலக்கத்தை அனுப்பும் அடையாளக் கருவியில் 7600 என்று வைப்பார், ரேடியோ பழுது என்று அர்த்தம். எங்கள் திரையில் அந்த விமானம் தனித்துத் தெரியும். அதன்பிறகு அவர் எந்த உயரத்தில், எந்த வழியால், எத்தனை மணிக்கு வந்து இறங்கத் தொடங்குவார் என்பதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. அதை அவரும் படித்திருக்கிறார், நாங்களும் படித்திருக்கிறோம். மற்றவர்களை விலக்கி வழி விடுவோம்.

கிட்ட வந்ததும் கோபுரத்திலிருந்து கையில் பிடிக்கும் ஒரு விளக்கைக் காட்டுவோம். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்று. விட்டுவிட்டு வரும் சிவப்பு, இங்கே இறங்காதே. கண்டுகொண்டேன் என்பதற்குப் பகலில் இறக்கையை ஆட்டுவார், இரவில் இறங்கும் விளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றுவார்.

ஆனால் பழுது பெரும்பாலும் அவ்வளவு பெரிதாக இருக்காது. கதைக்கும் பொத்தான் யாருக்காவது அமுங்கியபடி சிக்கிவிடும். அவருக்கே அது தெரியாது, அந்த அலைவரிசையில் வேறு யாரும் கதைக்க முடியாது. இரண்டு விமானிகளும் சம்பளத்தைப் பற்றிக் குறைசொல்வதைச் சுற்றியுள்ள எல்லா விமானங்களும் கேட்டுக்கொண்டு போகும்.